இழுவை வேலைக்கென்று கேட்டு வாங்கிய சைலன்சர் செட் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், வாகன மீட்பு சேவை,
சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: பிக்கப் வண்டிக்கு வாங்கிய சைலன்சர் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தையும் இழப்பீட்டையும் தருமாறு கோருதல்.

ஐயா,

வழியில் பழுதாகி நிற்கும் கார்களையும் சிறிய சரக்கு வண்டிகளையும் இழுத்து வருவதுதான் என் பிழைப்பு. வண்டி 2018 மாடல் பொலிரோ பிக்கப், 2523 சிசி டர்போ டீசல், பிஎஸ்-4. பழுதான வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி மாட்டி இழுக்கும் டோ-லிஃப்டைப் பின்னால் பொருத்தியிருக்கிறேன். வேலை பெரும்பாலும் பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையில்தான். அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு காரைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறுகிற வண்டிக்கு என்ன மாதிரி சைலன்சர் வேண்டும் என்று, கம்பெனி சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானதும் உங்கள் கடைக்கே நேரில் வந்து கேட்டேன்.

டோ-லிஃப்டோடு வண்டியைப் பார்த்த பிறகுதான் உங்கள் விற்பனையாளர், "இழுவை வண்டிக்குன்னே வந்த மாடல், தைரியமா போடுங்கண்ணா" என்றார். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றும் இரண்டு வருட வாரண்டி என்றும் சொல்லி ரூ.24,500 வாங்கினீர்கள். 304 என்பது பில்லிலும் இருக்கிறது. பொருத்தியதும் உங்கள் ஆட்கள்தான்.

பெரும் தொல்லை டெயில் பைப்பால் வந்தது. பழைய குழாயின் வாய் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். புகையும் சூடும் ரோட்டோரமாகப் போய்விடும். நீங்கள் போட்டது நேராகப் பின்னால் ஓடி, டோ-லிஃப்டின் அடியில் வாய் திறக்கிறது. லோடோடு மலையேறும்போது புகையின் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று முழுக்க, தூக்கி மாட்டிய காரின் முகத்தில் போய் அடிக்கிறது. ஆசனூரிலிருந்து ஒரு வெள்ளைக் காரை இழுத்து வந்து இறக்கியபோது அதன் முன் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்துக் கிடந்தது, சுற்றிலும் கரி. கார்க்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறை. பம்பர் மாற்ற ரூ.7,800 என் கையிலிருந்து போனது. இழுக்கப்படும் வண்டிக்கு பிரேக் லைட், இண்டிகேட்டர் கொடுக்கும் ஒயரும் பிளக்கும் உருகி ஒட்டிக்கொண்டன. இரவு வேளையில் பின்னால் வரும் லாரிக்கு என் பிரேக் லைட் தெரியாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இழுவை வண்டிக்கென்று ஒரு குழாயை வடிவமைத்தவர், இழுக்கப்படும் வண்டி எங்கே நிற்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தாரா?

அடுத்தது சத்தம். நீங்கள் போட்ட குழாய் பழையதைவிட அகலம். குழாய் அகலமானால் டர்போ டீசலுக்கு மூச்சு சுலபம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் என் இன்ஜின் ஓடுவது 2000 ஆர்பிஎம் சுற்றில். சரியாக அங்கேதான் உங்கள் சைலன்சர் உறுமுகிறது. கேபினுக்குள் போன் பேச முடியவில்லை, காதில் ரீங்காரம் நிற்பதில்லை. இது புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு. சோதனைச்சாவடியில் வனத்துறையினர் நிறுத்தி, இந்தச் சத்தத்தோடு இனி வராதே என்று எச்சரித்துவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி முதல் முறைக்கே ரூ.10,000 வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்ஸ் போனால் அடுப்பு எரியாது.

இதைப் போனில் சொன்னபோது உங்கள் டெக்னீஷியன் கொடுத்த யோசனை, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் சத்தம் மாறும், வண்டி வேகமெடுப்பதும் கூடும் என்பது! புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்பெனி வைத்த பாகத்தைக் கழற்றச் சொல்வது எந்த ஊர் சர்வீஸ்?

இனி அந்த 304. ஒரு மழைக்காலம்கூட முழுசாகத் தாண்டவில்லை, சைலன்சர் பெட்டியின் தையலோரம் துரு. என் மெக்கானிக் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார். வளைத்த இடத்திலும் வெல்டிங்கிலும் 304 லேசாக ஒட்டலாம், அது எங்களுக்கும் தெரியும். இதுவோ நேர்க் குழாயிலேயே டப்பென்று ஒட்டி, தட்டினாலும் விழவில்லை. 304-ஐவிட விலை குறைந்த, காந்தம் நன்றாக ஒட்டும் 409 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் இப்படி ஒட்டும். 409 ஒன்றும் மோசமான சரக்கல்ல, பல கம்பெனி சைலன்சர்கள் அதில்தான் வருகின்றன. அதைச் சொல்லி அந்த விலைக்கு விற்றிருந்தால் எனக்கு வழக்கே இல்லை. 304 விலை வாங்கிக்கொண்டு எதைக் கொடுத்தீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய ஒரு வரிப் பதில்: "வண்டி இழுவைக்குப் பயன்படுத்தப்பட்டதால் வாரண்டி செல்லாது." விற்கும்போது இழுவைக்கென்றே வந்த மாடல், புகார் சொன்னால் இழுவைக்குப் பயன்படுத்தியது குற்றமா? இந்த நிபந்தனை பில்லிலும் இல்லை, வாரண்டி அட்டையிலும் இல்லை.

எனவே செட்டை உங்கள் செலவில் கழற்றி எடுத்துக்கொண்டு ரூ.24,500-ஐத் திருப்பித் தர வேண்டும். பம்பருக்கான ரூ.7,800, ஒயரும் பிளக்கும் மாற்றிய ரூ.1,650 இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும். மாற்று மாடல் எதுவும் எனக்கு வேண்டாம். பழைய அளவிலேயே கம்பெனி சைலன்சரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மனு செய்வேன். வணிகப் பயன்பாடு என்று சொல்லி அங்கே நழுவ முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. வண்டியை ஓட்டுவதும் நான்தான், கொக்கி மாட்டுவதும் நான்தான்.

கழற்ற ஆள் அனுப்புவதானால் காலை வேளையில் அனுப்புங்கள். மதியத்துக்கு மேல் நான் மலையில் இருப்பேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், பம்பர் மற்றும் ஒயர் ரசீதுகள், படங்கள், காந்தம் ஒட்டும் வீடியோ உள்ள பென் டிரைவ், வாட்ஸ்அப் பதிலின் அச்சுப் பிரதி.