ஐந்து கோலையும் வாய்விட்டுச் சொன்னவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று ராத்திரி யார் யாருக்குப் போன் செய்தேன் என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை. அதனால் அந்தக் கதைக்குள் மறுபடி போகவில்லை. நன்றி பாக்கி நிறைய இருக்கிறது, ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இங்கே கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு முதலில். வேளை தவறாமல் வந்த ரசம் சாதத் தூக்குகளுக்கு, ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக வந்த காபிக்கு, அம்மாவைத் தனியாக விடாமல் மாற்றி மாற்றி வந்து படுத்துக்கொண்ட மாமிகளுக்கு, திருச்சியிலிருந்து ரிசர்வேஷன் இல்லாமலே ரயில் ஏறி வந்த சித்தப்பாவுக்கு, என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கு, கோபப்படாமல் ஒரே பதிலை நூறு முறை சொன்ன நர்சுகளுக்கு, எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக நேரில் வந்து சொல்வேன். தூக்குகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. எது யாருடையது என்று அம்மாவுக்கே குழப்பம். வந்து அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ரத்தம். கல்கத்தாக்காரர்களுக்கு ஆகஸ்ட் 16 என்றால் என்ன என்று தெரியும். 1980-ல் அதே நாளில் ஈடன் கார்டன்ஸில் ஊரின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது கேலரியில் கலவரம் வெடித்து, நெரிசலில் 16 பேர் செத்துப்போனார்கள். பந்தாட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அவர்கள் நினைவாக வருஷா வருஷம் அந்த நாளில் இங்கே ரத்த தான முகாம் நடக்கிறது. ரத்தம் கொடுத்தால் ஓர் அட்டை தருவார்கள். பிறகு தேவைப்படும்போது அதைக் காட்டி ரத்த வங்கியில் வாங்கிக்கொள்ளலாம். அன்று ராத்திரி அந்த அட்டைகளை என் கையில் திணித்துவிட்டுப் போனவர்களில் பல பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரர்கள், அதாவது அப்பாவின் ஈஸ்ட் பெங்கால் ஆட்கள், வந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். கேலரியில் அப்பாவோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்கள் அவர்கள். எதிர்க்கட்சியான மோகன் பகானின் பச்சை-மெரூன் சட்டைக்காரர்களும் வந்தார்கள். இவ்வளவு நாள் நான் ஆகஸ்ட் 16-ஐ ஒரு செய்தியாகத்தான் கடந்துபோயிருக்கிறேன். இனி உடம்பில் தெம்பு இருக்கிறவரை அந்த முகாமில் நானும் படுப்பேன்.

சரி, இந்தக் கடிதத்தை முக்கியமாக யாருக்காக எழுத உட்கார்ந்தேனோ அவரிடம் வருகிறேன். எதிர்வீட்டு ஜேட்டு (வங்காளத்தில் பெரியப்பா). பெயரைப் போட்டால் திட்டுவார், போடவில்லை.

எங்கள் சந்தில் இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். முதலில் தங்கியது அகதிகள் காலனி ஒன்றில், கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்தின் பின்கட்டு அறையில். அந்த வீட்டுப் பெரியவர்தான் அப்பாவுக்குப் பஞ்ச பாண்டவர் கதையைச் சொல்லியிருக்கிறார். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேர்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சலே. ஐந்து பேரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். “உன் ஊர்ப்பக்கத்து ஆட்கள் எங்களுக்காக ஆடினார்கள், நீ எங்கள் பக்கம்தான்” என்று பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டாராம். ஊரை விட்டு வந்தவர்களின் கிளப், நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே என்று அப்பாவும் அங்கேயே ஒட்டிக்கொண்டார். அவர் வந்து இறங்கிய காலமும் அப்படி. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு வருஷம் கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்குத்தான். 1972 முதல் பி.கே. பானர்ஜி பயிற்சியாளர். ஜெயிப்பது தினப்படி வேலை என்று நினைத்துக்கொண்டே அப்பா ரசிகரானார். பிற்பாடு வந்த வறட்சியை அவரால் இன்றுவரை நம்பமுடியவில்லை.

ஜேட்டு பரம்பரை மோகன் பகான். 1911-ல் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை வாங்கிய ஆட்டத்தை அவருடைய தாத்தா நேரில் பார்த்ததாகச் சொல்வார். கூட்டத்தில் ஆட்டம் சரியாகத் தெரியவில்லையாம், பட்டம் விட்டு ஸ்கோர் சொன்னார்களாம். தாத்தா பார்த்தது பந்தையா பட்டத்தையா என்று அப்பா கேட்பார். சண்டை அங்கே ஆரம்பிக்கும்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது ஊர் வழக்கம். நாங்கள் சுத்த சைவம். ஆனாலும் இந்த இரண்டு கிளப்பும் மோதும் டெர்பியில் ஜெயித்த நாளில் அப்பா மார்க்கெட்டுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முழு இலிஷ் வாங்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், எங்கள் பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக், 4-1 என்று ஜெயித்தோம். ஆட்டத்துக்கு முன்னால் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எங்கள் ஆட்டக்காரர் ஒமோலோவை ஆம்லெட் என்று கிண்டல் செய்திருந்தார். அப்பா அன்று மீனோடு முட்டையும் சேர்த்து அனுப்பினார். தோற்றால் அங்கிருந்து மலாய் கறி வரும். எங்களுக்காக இறாலை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு போட்டுத்தான் ஜேட்டுவின் மனைவி ஜேட்டிமா செய்து அனுப்புவார். தேங்காய்ப்பால் வாசனையில் அம்மாவும் நானும் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவோம். அப்பா மட்டும் அன்று மோர் சாதம்.

இவ்வளவு கேலியிலும் ஒரு விஷயத்துக்கு மட்டும் எல்லை இருந்தது. 1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம், ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. டெர்பி வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. அந்தத் துக்கம் தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரையே விட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி ஜேட்டு பேசமாட்டார். யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அப்பாவும் அதைத் தொடமாட்டார். ஆட்டத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதைச் சொல்லக்கூடாது என்று இரண்டு பேருக்கும் ஓர் எழுதாத ஒப்பந்தம்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அப்பாவுக்கு நாம் சொல்வது எல்லாம் புரிந்தது, வாய்க்கு வரவில்லை. பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் நல்லவர், பொறுமைசாலி. ஆப்பிள், பசு, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். ஐம்பது வருஷம் கணக்குப் பேரேடு பார்த்த மனுஷன், பசுவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பேச்சு போனவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, பாட்டு, பிரார்த்தனை போல மனப்பாடமாக இருப்பவைதான் சில சமயம் முதலில் திரும்பும் என்று அந்தப் பெண் வராந்தாவில் என்னிடம் விளக்கினார். அம்மா சுலோகம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றிரண்டு சொல் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த வராந்தாவில் ஜேட்டுவும் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றோடு வந்தார். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நோட்டைப் பிரித்தார். பெரிய பெரிய வங்காள எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி. மேலே தேதி: 30.9.1975.

“மொஷாய் (ஐயா), கேளுங்கள்” என்றார். பிறகு பொது வார்டு முழுக்கக் கேட்கும்படி, பழைய ரேடியோவில் அஜய் பாசு வர்ணனை சொல்வாரே அந்தத் தோரணையில் ஆரம்பித்தார். “முதல் கோல், ஈஸ்ட் பெங்கால், சுரஜித் சென்குப்தா!”

அப்பா சுவரிலிருந்து திரும்பினார். எனக்குக் கை நடுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். மோகன் பகானின் பாய்மரப் படகைக் கையில் பச்சை குத்தியிருந்த வார்டு பாய் ஒருவன் ஓடி வந்து, “தாது (தாத்தா), நீங்கள் எந்தக் கட்சி?” என்றான். “மோகன் பகான். தொந்தரவு பண்ணாதே” என்றார் ஜேட்டு.

“இரண்டாவது கோல்...” என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார்.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லவேண்டும். நாங்கள் யாரும் அப்படிச் சும்மா இருக்கவில்லை. அப்பா வாயைத் திறந்தாலே பதற்றத்தில் நாங்களே அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிடுவோம். ஜேட்டு காத்திருந்தார். டீ வந்தது, ஆறியது. அப்பாவின் உதடு குவிந்தது, பிரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாயெடுத்தேன்; ஜேட்டு என்னைத் திரும்பிப் பாராமலே கையை நீட்டித் தடுத்தார். எவ்வளவு நேரமோ. கடைசியில் வந்தது.

“தா... ப்பா.”

ஷ்யாம் தாப்பா. இரண்டாவது கோல் அவருடையதுதான். ஜேட்டு நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டார். “சரி. எங்களுக்கு விழுந்த இரண்டாவது” என்றார். பிறகு ரஞ்சித் முகர்ஜி, மறுபடி தாப்பா, கடைசியில் சுபங்கர் சன்யால். அன்றைக்கே எல்லாம் வந்துவிடவில்லை. சுரஜித்தின் பெயர் அப்பாவை ரொம்ப நாள் பாடுபடுத்தியது. ஆனால் அதன்பிறகு சாயங்காலமானால் அவர் கண் வார்டு வாசலில் இருக்கும். பசு, ஆப்பிள் அட்டைகளுக்கும் மெல்ல மரியாதை கிடைத்தது.

அந்த நோட்டை எழுத ஜேட்டு எதையும் புரட்டிப் பார்க்கவில்லை என்று அவருடைய பேத்தி சொன்னாள். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மனசிலிருந்தே எழுதினாராம். எந்த கோல் எதற்குப் பிறகு, தாப்பாவுக்குப் பந்தை யார் தள்ளிக் கொடுத்தார்கள், நான்காவது கோலோடு பாஸ்கர் கங்குலியைக் கோல்கம்பத்திலிருந்து எடுத்துவிட்டது, எல்லாம். பேச மறுத்த அத்தனை வருஷமும் அந்த ஆட்டம் அவருக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஜெயித்த நாங்கள்கூட அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை. அப்பா சொல்லும் கதையில் தாப்பா வருஷத்துக்கு ஒரு கோல் கூடப் போடுவார். தன் வாழ்நாளின் மோசமான சாயங்காலத்தை, நாற்பது கட்டில் இருக்கிற வார்டில், எதிராளியின் நாக்கு புரளவேண்டும் என்பதற்காக ஒருவர் கோல் கோலாக உரக்கப் படித்தார். எனக்கு இதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஜேட்டு, நீங்கள் தமிழ் படிக்கமாட்டீர்கள். இதை வங்காளத்தில் சொல்லச் சொல்லி உங்கள் பேத்தியிடம் கேட்டிருக்கிறேன். கால்வாசியிலேயே போதும் என்பீர்கள், தெரியும். அவளை முழுக்கப் படிக்க விடுங்கள்.

ஆளும் சும்மா விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டின் பின்பக்கங்கள் மோகன் பகானுக்கு. 1976 லீக் ஆட்டத்தில் 17-வது விநாடியிலேயே முகமது அக்பர் எங்களுக்கு எதிராக அடித்த கோல். 1977-ல் ஷீல்டு, டூராண்ட், ரோவர்ஸ் என்ற மூன்று கோப்பைகளையும் ஒரே வருஷத்தில் வாங்கியது. அதே வருஷம் ஈடனில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியை 2-2 என்று நிறுத்தியது. 1978-ல் அதே ஷ்யாம் தாப்பா, இந்த முறை மோகன் பகான் சட்டையில், முதுகை மண்ணுக்குக் கொடுத்து எங்கள் வலைக்குள் அடித்த அந்த உதை. “தாப்பா என்று முதலில் சொன்னீர்கள் இல்லையா, அது எங்கள் ஆளின் பெயர்” என்று இப்போது உரிமை கொண்டாடுகிறார். கடைசிப் பக்கம் 2009 அக்டோபர் 25: மோகன் பகான் 5, ஈஸ்ட் பெங்கால் 3, சிடி எடே ஒருவரே நான்கு.

பேச்சுப் பயிற்சிப் பெண் இனி வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். அவரிடம் ஜேட்டு வைத்திருக்கும் ஒரே கோரிக்கை, அப்பா “சிடி” என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்பதுதான். ஜேட்டு ஸ்டூலில் உட்கார்ந்து “நான்கு கோலும் அடித்தவர்...” என்று காத்திருக்கிறார். சுரஜித் சென்குப்தாவை முழுசாகச் சொல்லிவிடுகிற அப்பா, இந்தப் பக்கம் வந்தால் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டுகிறார். இது நரம்பு சம்பந்தப்பட்டது இல்லை என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டார்.

அட்டை கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களில் யாருக்கு, எந்த வீட்டுக்கு, எந்த நேரத்தில் ரத்தம் தேவைப்பட்டாலும் எனக்கு ஒரு போன் போதும். பி பாசிடிவ். அடுத்த டெர்பி அன்று எங்கள் வீட்டு டி.வி. முன்னால் எல்லோருக்கும் இடம் உண்டு, இரண்டு கட்சிக்கும். சாப்பாடு மட்டும் சைவம். மீன் வேண்டுமென்றால் ஜெயித்தவர்கள் எதிர்வீட்டில் சமைத்துக்கொள்ளலாம், ஜேட்டிமாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.