ரப்பர் கிளவுஸ்ல ஐஸ் வெள்ளம்

எலேய் மக்கா,

சொகமா இருக்கியா. உனக்க வாய்ஸ் மெசேஜ் மூணையும் நேத்து ராத்திரி கறன்ட் போன நேரத்துல திண்ணைல இருந்து கேட்டேன், ஏழு நிமிசம் பாக்ஸிங்கையே பறஞ்சிட்டு கடேசில அம்மைக்கு கால்வலி எப்படின்னு ஒரு வரி, உன்ன என்ன சொல்ல. அம்மைக்கு பரவால்ல, வாக்கர் பிடிச்சி அடுக்களை வரைக்கும் நடக்கா, மீன்கறில புளி கூடிப்போச்சுன்னு குத்தம் சொல்லுகா, அதுனால தேறிட்டான்னு வச்சிக்கோ. இஞ்ச ஒரு வாரமா விடாத மழை, ரப்பர் பால்வெட்டு இல்ல, நம்ம தோட்டத்துல பாதி மரத்துக்கு மறைப்பு கெட்டல, சிரட்டை பூரா மழவெள்ளம் தான். சும்மா இருக்கதுனால தான் இவ்வளவு நீளமா டைப் பண்ணுகேன், போன்ல பேசினா நீ எடைல சாடி விழுந்து ஒண்ணும் சொல்ல விடமாட்ட.

விசயத்துக்கு வாறேன். சவுதில உனக்க ரூம்ல உள்ள மலையாளிப் பயக்க கிட்ட நீ பந்தயம் கெட்டிருக்க, பாக்ஸிங்ல பெரிய எடையான ஹெவிவெயிட்ல ஒரு சாம்பியன் ஒறச்சு நின்னுட்டான்னா பொறவு சின்னவன் எவன் வந்தாலும் நடக்காது, தோத்தா எல்லாருக்கும் மந்திச்சோறு வாங்கித் தாறேன்னு. மக்கா, மந்திக்கு காசு எடுத்து வச்சிக்கோ.

தொடுவட்டில வாடகைக்கு எடுத்த அந்த கேசட் நியாபகம் இருக்கா, டைசன் - டக்ளஸ், டோக்கியோ, 1990 பிப்ரவரி 11. சாம்பியன் டைசன் அதுவரைக்கும் 37 சண்டை, ஒண்ணு கூட தோக்கல. டக்ளஸ் மேல ஒரு ரூவா கெட்டி ஜெயிச்சா 42 ரூவாங்கது பந்தயக் கணக்கு, லாஸ் வேகஸ்ல முக்காவாசி பந்தயக் கடைக்காரன் அந்த சண்டைக்கு பந்தயமே எடுக்கல, எடுத்து என்னத்துக்குன்னு விட்டுட்டான். எல்லாரும் டக்ளசுக்க அம்மை மூணு வாரம் முன்ன செத்துப்போனத சொல்லுவாங்க, அந்த வேதனைல அடிச்சான்னு. இருக்கலாம், நான் இல்லங்கல. ஆனா எனக்கு மறக்காதது வேற ஒண்ணு. பாக்ஸருக்கு கண்ணு வீங்கினா அமுக்குகதுக்கு ஐஸ்ல போட்டு வச்ச ஒரு சின்ன இரும்பு உண்டு, தேய்ப்புப்பெட்டி கணக்கா இருக்கும். டைசனுக்க மூலைல நின்னவனுவ அத கொண்டே வரல. கண்ணு வீங்கி மூடுகு, இவனுவ ஒரு ரப்பர் கிளவுஸ்ல ஐஸ் வெள்ளத்த ரொப்பி, பசுக்க மடி போல தொங்குகு அது, அத வச்சி ஒத்திட்டு இருக்கானுவ. நம்ம ஆளுக்கு கண்ணு வீங்கும்னு ஒருத்தனுக்கும் தோணல பாத்தியா. எனக்கு அங்கயே சாம்பியன் பாதி தோத்துட்டான்.

மீதி பாதி டக்ளசுக்க கை. 83 இஞ்சி நீளம், டைசனுக்கு 71. ஒரு அடி வித்தியாசம் மக்கா. அந்த இடது கைய நீட்டி நீட்டி குத்தி டைசன உள்ள வரவிடாம நிறுத்தி வச்சான், அதுக்கு தைரியம் மட்டும் போதாது, படிச்சிட்டு வரணும். எட்டாம் ரவுண்ட்ல டக்ளசும் விழுந்தான், எந்திச்சான், பத்தாவதுல அவன் அடிச்சி விழ வச்ச டைசன் முட்டுகுத்தி தரைல தடவித் தடவி பல்லுகார்டை எடுத்து கோணலா வாய்ல திணிச்சத பாத்து நாம ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம இருந்தோம். தமாசு என்னன்னா அந்த நிமிசம் வரைக்கும் ஒரு ஜட்ஜுக்க மார்க் சீட்டுல டைசன் தான் ஒரு பாயிண்ட் முன்னால.

சரி அமெரிக்காக்காரன் கதை இருக்கட்டும், உனக்க கதைய நான் மறப்பேனா. ஆசானுக்க களரி, ஞாயிறாச்ச காலம்பற, நீ ஓணான் போல இருப்ப, எதிர்க்க அந்த தடியன், ரெண்டு குத்தி புட்டும் பயறும் தின்னுட்டு வந்து நிப்பான். கைப்போர்ல எல்லாரையும் நெஞ்சு வச்சி தள்ளியே ஜெயிப்பான். ஆசான் உன்ன தனியா விளிச்சி என்ன சொன்னாரு, மூஞ்சப் பாக்காத, குதிங்காலப் பாரு, அவன் பாரத்த எப்ப குதிங்கால்ல வைக்கானோ அப்ப மாறுன்னு. அவன் வந்தான், நீ ஒரு சுவடு எடப்பக்கம் மாறின, அவன் சும்மா காத்த தள்ளினான், நீ தோள்ல ஒரு தட்டு தட்டினதும் சரிஞ்ச பலாமரம் கணக்கா குழில கெடந்தான். பொறவு ஒரு வாரம் நீ சட்டை போடல, பனியனோட தான் பஸ் ஸ்டாப்ல நின்ன. அடுத்த ஞாயிறு அவன் வந்து உன்ன தூக்கி வாரியில வீசினதையும் நான் தான் பாத்தேன்.

அது தான் ரூயிஸ் கதை. 2019 ஜூன் 1, நியூயார்க், சாம்பியன் ஜோஷ்வாவுக்கு எதிர்க்க நிக்க வேண்டியவன் மருந்து டெஸ்ட்ல மாட்டினதுனால ஒரு மாசம் முன்ன கெடச்ச ஆளு. தொப்பையும் தொடையுமா கல்யாண வீட்டுல பந்தி வெளம்ப வந்தவன் போல இருந்தான். மூணாம் ரவுண்ட்ல விழுந்தான், சாம்பியன் முடிச்சிரலாம்னு கை ரெண்டையும் வீசிட்டு உள்ள வந்தான், அங்க தான் மாட்டினான். கிட்டக்க நின்னு சட்டு சட்டுன்னு அடிக்கதுல அந்த தொப்பைக்காரனுக்க கைவேகம் ஜோஷ்வாவுக்கு கெடையாது. நாலு தடவ விழ வச்சி ஏழாவதுல முடிச்சான். ஆறு மாசம் கழிச்சி உனக்க சவுதிலயே மறு சண்டை, ரூயிஸ் 15 பவுண்ட் கூடுதலா வந்தான், ஜோஷ்வா 10 பவுண்ட் கொறச்சி, தள்ளி நின்னு கால வச்சே பாயிண்ட்ல ஜெயிச்சான். டக்ளசும் அப்படித்தான், அதே வருசம் ஹோலிஃபீல்டு கிட்ட மூணாம் ரவுண்ட்ல பட்டம் போச்சு. 2001-ல சாம்பியன் லூயிஸ் சினிமால தலைகாட்டிட்டு லேட்டா தென்னாப்பிரிக்கா போய் ரஹ்மான் கிட்ட வாங்கினான், அதே வருசம் திருப்பிக் கொடுத்துட்டான்.

அதுனால நான் சொல்லுகது, சின்னவன் ஜெயிப்பான், ஆனா மொத தடவ ஜெயிக்கதுல பாதி சாம்பியனுக்க கொழுப்பு. ரெண்டாம் தடவ தான் அவனுக்க சொந்தம். நம்ம குளச்சல் கதையவே எடு. 1741-ல டச்சுக்காரன தோக்கடிச்ச மார்த்தாண்டவர்மா, பிடிபட்ட டச்சு தளபதி டிலனாயயே வச்சி தன்னுக்க படைக்கு பயிற்சி குடுக்க விட்டாரு. தோத்தவன் கிட்ட படிச்சாரு பாத்தியா, அந்த புத்தி ரூயிசுக்கும் இல்ல, பனியன் போட்ட உனக்கும் இல்ல. ஸ்கூல் டூர்ல உதயகிரி கோட்டைல டிலனாய் கல்லறைப் பக்கத்துல இருந்து நாம பொதிச்சோறு தின்னது நியாபகம் வருகு.

இனி நீ கொண்டாடுக பாக்ஸர் உசிக். பெரியவன், அவன் தோக்கமாட்டான்னு நீ சொல்லுக, எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா நீ சொல்லுக காரணம் தப்பு. அவன் பெரியவனே இல்ல மக்கா. கீழ் எடைல, 200 பவுண்ட்ல நின்னுட்டு மேல ஏறி வந்தவன். 2024 மே மாசம் உனக்க ரியாத்லயே 6 அடி 9 இஞ்சி ஃபியூரிய அடிச்சப்ப கிட்டத்தட்ட 40 பவுண்ட் கொறவு. அதுக்கு ஏழு மாசம் முன்ன அதே ஊர்ல, அதே ஃபியூரிய, தொழில் பாக்ஸிங் மேடைல மொத தடவ ஏறின நகானு மூணாம் ரவுண்ட்ல விழ வச்சத நீ தான எனக்கு விளிச்சி சொன்ன. கடேசில ஒரு ஜட்ஜு வித்தியாசத்துல தான ஃபியூரி தப்பிச்சான். உசிக் அந்த மாதிரி அசட்டையா வந்து நான் பாக்கல. அவனுக்கு ஐஸ் இரும்பு மறக்காது. அவன விழ வைக்கப்போறது வயசு தான். முகமது அலியவே 36 வயசுல, எட்டாவது சண்டை போட்ட ஸ்பிங்க்ஸ் பயல் ஜெயிச்சான்.

களரி இருந்த எடத்துல இப்போ பைக் வாஷ் பண்ணுகானுவ. ஆசானுக்கு செவி கேக்கல, ஆனா போன மாசம் போனப்போ நான் உள்ள ஏறுகதுக்கு முன்ன எனக்க காலப் பாத்துட்டு, முட்டு தேஞ்சிருக்கு, எடங்காலுன்னாரு. சரியா எடங்கால் தான். உன்னையும் கேட்டாரு, ஓணான் எங்கன்னு.

லீவு எப்போன்னு சொல்லு. மந்திக்கு போக காசு மிச்சம் இருந்தா அம்மைக்கு கோடாலித் தைலம் ரெண்டு குப்பி, ஆசானுக்கு ஒண்ணு.

உனக்க பழைய கூட்டுகாரன்