டைரக்டர் போஸ்ட் எடுத்துக்கோ, ஆனா ஸ்டூடண்ட்ஸை விட்டுடாத

ஏய், எப்படிடி இருக்க?

உன் மெயில் பாத்தவுடனே பதில் போடணும்னு தான் நெனச்சேன், ஆனா ரெஜிஸ்ட்ரேஷன் நேரம், உனக்கே தெரியும், காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அப்பாயின்ட்மெண்ட் மேல அப்பாயின்ட்மெண்ட். அதோட நீ கேட்டிருக்கறது ரெண்டு வரில பதில் சொல்ற விஷயமும் இல்ல. அமெரிக்கக் காலேஜ்ல பசங்க எந்தக் கோர்ஸ் எடுக்கறது, எப்படி டிகிரி முடிக்கறதுன்னு வழிகாட்டற நம்ம அட்வைஸிங் வேலைல டைரக்டர் போஸ்டுக்கு உன்னைக் கேக்கறாங்க, நம்ம அட்வைசர்ஸ் சங்கமான நகாடாவோட ரீஜன் கமிட்டிக்கும் உன் பேரைச் சொல்லியிருக்காங்க, ரெண்டையும் "நான் லீடர் டைப் இல்ல"ன்னு சொல்லி தள்ளிடலாமான்னு யோசிக்கற. தள்ளாத. ஆனா அவங்க நீட்டற பேப்பர்ல அப்படியே கையெழுத்தும் போடாத. உன் கையில கொஞ்சம் ஸ்டூடண்ட்ஸ் இருந்தே ஆகணும்னு கேளு, அதுக்கு ஒத்துக்கிட்டா எடுத்துக்கோ.

ஏன் சொல்றேன்னா, நம்ம ஃபீல்டுல ப்ரமோஷன்னா என்ன நடக்குதுன்னு நீயும் பாத்துக்கிட்டு தான இருக்க. அட்வைசர், சீனியர் அட்வைசர், அசிஸ்டண்ட் டைரக்டர், டைரக்டர்னு ஒவ்வொரு படி ஏறும்போதும் அப்பாயின்ட்மெண்ட் குறையுது, மீட்டிங் கூடுது, கடைசில யாரு ஒரு பையன் வந்து உக்கார்ற விதத்துலயே விஷயத்தைப் புடிச்சிடுவாங்களோ அவங்களைத் தான் ஸ்டூடண்ட்டே வராத ரூம்ல கொண்டுபோய் உக்கார வைக்கறோம். அப்புறம் அந்த ரூம்ல எடுக்கற முடிவு எல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பாத்து எடுக்கற முடிவா போயிடுது. உங்க ஆபீஸ் எங்க ஆபீஸ்னு இல்ல, கான்ஃபரன்ஸுக்கு வர்ற பாதிப் பேர் இதைத் தான் சொல்றாங்க.

போன ஃபால் செமஸ்டர்ல ஒரு பொண்ணு வந்தா, எஃப்-1 ஸ்டூடண்ட் விசா, ரெண்டாவது வருஷம். கோர்ஸை நடுவுல விடறதுக்குக் கடைசி நாள், விட்ராயல் டெட்லைன் அன்னிக்கு மத்தியானம். பையைக் கூட தோள்ல இருந்து எறக்கல, கதவுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு "ஒரே கேள்வி தான், கெமிஸ்ட்ரிய விட்டா ட்ரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ வருமா"ன்னு கேட்டா, நடுவுல விட்டதுக்குப் போடற குறி அது. ஆமாம்னு சொன்னா கேட்டதுக்கு பதில் ஆச்சு, அவ போயிருப்பா. ஆனா அவ எடுத்திருந்தது மொத்தமே 13 கிரெடிட், கெமிஸ்ட்ரி அதுல 4, விட்டா 9 தான் மிச்சம். எஃப்-1ல இருக்கற அண்டர்கிராட் ஃபுல் டைம் அளவான 12 கிரெடிட்டுக்குக் கீழ போகணும்னா இன்டர்நேஷனல் ஆபீஸ்ல விசா ஸ்டூடண்ட்ஸைப் பாக்கற அதிகாரி, டிஎஸ்ஓ, முன்கூட்டியே அனுமதி குடுத்திருக்கணும், மொதல்ல டிராப் பண்ணிட்டு அப்புறமா போய் நின்னா விசா ஸ்டேட்டஸே போயிடும். போர்ட்டல்ல அந்த டிராப் பட்டன் எதுவும் சொல்லாம அமுக்கினவுடனே வேலை செஞ்சிருக்கும். உக்கார வச்சு, டிஎஸ்ஓக்கு அங்கேயே ஃபோன் போட்டு, கெமிஸ்ட்ரி லேப்ல ட்யூட்டரிங் எங்க கிடைக்கும்னு தேடி, ஒரு மணி நேரம் ஆச்சு. கோர்ஸை விடல, சி வாங்கி பாஸ் பண்ணிட்டா.

அது எல்லா நல்ல அட்வைசரும் பண்றது. அதுக்கப்புறம் நடந்ததைத் தான் நான் லீடர்ஷிப்னு சொல்றேன். எங்க டீம்ல புதுசா சேந்த ஒரு பொண்ணு நோட்ஸ் படிச்சிட்டு "இதே பட்டன்ல இன்னும் எத்தனை பேர் மாட்டுவாங்க"ன்னு கேட்டா. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் மீட்டிங்குக்கு அவளையே கூட்டிட்டுப் போனேன், பேர் எதுவும் சொல்லாம நடந்ததை அவளே தான் விளக்கினா, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். மொதல்ல ஐடி மேல போட்டாங்க, ஐடி திரும்ப இவங்க மேல போட்டாங்க, சில மாசம் இழுத்துச்சு. இப்போ எஃப்-1 ஸ்டூடண்ட் யாரும் 12க்குக் கீழ போகப் பாத்தா போர்ட்டல் நிறுத்தி இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு அனுப்புது. ஸ்டூடண்ட்டைப் பாக்கறவங்களுக்கு மட்டும் தான்டி அப்படி ஒரு பட்டன் இருக்கறதே தெரியும். நீ டைரக்டர் ஆயிட்டு ஸ்டூடண்ட்ஸை மொத்தமா விட்டுட்டா உனக்கும் இது தெரியாமப் போயிடும், அது எவ்ளோ பெரிய நஷ்டம்னு யோசி.

இன்னொன்னும் சொல்லணும். இன்ஜினியரிங்ல ஒரு கோர்ஸ் ஃபால்ல மட்டும் தான் நடக்கும், அதுக்கு முன்னாடி கால்குலஸ் முடிச்சிருக்கணும், அதுல ஒரு தடவை தவறினா ஒரு செமஸ்டர் போறதில்ல, முழுசா ஒரு வருஷம் போகுது. ஒரு வருஷம்னா சும்மாவா, கவர்மெண்ட் குடுக்கற படிப்பு உதவிப் பணம், ஃபெடரல் எய்ட் ரூல்ல டிகிரிக்கு வேணுங்கற கிரெடிட்ல 150 சதவீதம் வரைக்கும் தான் அட்டெம்ப்ட் பண்ணலாம், 120 கிரெடிட் டிகிரின்னா 180, அதைத் தாண்டினா பணம் நின்னுடும், நடுவுல எடுத்த கோர்ஸ்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பாஸ் பண்ணிக்கிட்டே வேற வரணும். அந்த ஒரு வருஷக் காத்திருப்புல ஃபுல் டைம் எண்ணிக்கை காட்டறதுக்காகப் பசங்க தேவையில்லாத கோர்ஸ் எல்லாம் எடுத்து கிரெடிட்டை நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. டிபார்ட்மெண்ட்ல பேசினா "ஒழுங்கா படிச்சா ஏன் தவறப் போறாங்க"ன்னு சொன்னாங்க. வாக்குவாதம் பண்ணல. பேரை எல்லாம் மறைச்சிட்டு, யாரு எந்தக் கோர்ஸ் முடிச்சிருக்காங்க, எது பாக்கின்னு காட்டற டிகிரி ஆடிட் ஷீட் பலதை வரிசையா டேபிள்ல பரப்பி வச்சோம். எல்லா ஷீட்லயும் ஒரே எடத்துல ஒரே ஓட்டை. டிபார்ட்மெண்ட் தலைவர் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு, அடுத்த வருஷம் ஸ்ப்ரிங் செமஸ்டர்லயும் ஒரு செக்‌ஷன் போட்டாங்க. என் வேலைல எனக்கு ரொம்பத் திருப்தி குடுத்தது அது தான்.

நம்ம தொழிலே இப்படித் தான வளந்துச்சு. 1972ல பர்ன்ஸ் க்ரூக்ஸ்டன்ங்கற பேராசிரியர் அட்வைஸிங்கும் டீச்சிங் தான்னு எழுதினப்போ பெரும்பாலான எடத்துல அட்வைஸிங்னா கோர்ஸ் ஃபார்ம்ல கையெழுத்து போடறது மட்டும் தான். 1977ல வெர்மாண்ட்ல பர்லிங்டன்ல இந்த வேலை பாக்கறவங்க மொதல் தடவையா தேசிய அளவுல ஒண்ணா கூடினாங்க, 1979ல நகாடா முறைப்படி சங்கமா ஆச்சு. யாரும் மேல இருந்து ஆர்டர் போட்டு ஆரம்பிக்கல, தெனமும் ஸ்டூடண்ட்டோட உக்காந்தவங்களே தான் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நாம அனுபவிக்கற ட்ரெய்னிங், ஜர்னல், கான்ஃபரன்ஸ் எல்லாம் யாரோ தன் ஆபீஸ் வேலை முடிச்சிட்டு ராத்திரி உக்காந்து பண்ணின சர்வீஸ். அதனால ரீஜன் கமிட்டிய "ரெஸ்யூமேல ஒரு வரி"ன்னு நெனச்சு ஒதுக்காத. கான்ஃபரன்ஸ் ப்ரொபோசல் படிச்சு ரிவ்யூ எழுதறது, மொதல் தடவை பேசப் போற பயந்த பொண்ணுக்கு ஸ்லைடு சரி பண்ணிக் குடுக்கறது, யாருமே இல்லாம தனியா அட்வைஸிங் பாக்கற சின்ன காலேஜ்காரங்களுக்கு ஃபோன்ல பேச ஒரு ஆளா இருக்கறது, இதெல்லாம் வெளிய தெரியாத வேலை, ஆனா நான் இந்த ஃபீல்டுல நின்னதே அப்படி யாரோ என் ஃபோனை எடுத்ததால தான்.

புது ஆளுங்க ட்ரெய்னிங் இப்போ என் பொறுப்புல வந்திருக்கு, அது தான் என் பக்கத்து நியூஸ். ஒரு அட்வைசருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு 2017ல நகாடா போட்ட கோர் காம்பிடன்சீஸ்ல மூணு பிரிவு இருக்கே, கான்செப்சுவல், இன்ஃபர்மேஷனல், ரிலேஷனல், நாம எல்லா நேரத்தையும் நடுவுல இருக்கற இன்ஃபர்மேஷனுக்கே செலவு பண்றோம், ரூல், கேட்டலாக், சாஃப்ட்வேர். மனுஷங்ககிட்ட எப்படிப் பேசறதுங்கறது தன்னால வந்துடும்னு விட்டுடறோம். வராதுடி. சமீபத்துல ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க, நம்ம ஊர்க்காரங்க, என் பேரைப் பாத்துட்டு தமிழ்லயே ஆரம்பிச்சாங்க, "கண்ணு, அவன் எங்ககிட்ட எதுவுமே சொல்ல மாட்டேங்கறான், மார்க் மட்டும் பாத்து சொல்லும்மா"ன்னு. ஸ்டூடண்ட் ரெக்கார்டைப் பாதுகாக்கற சட்டம் ஃபெர்பா படி காலேஜ்ல சேந்துட்டா அந்த உரிமை பையனோடது, அவன் எழுதிக் குடுக்காம நான் சொல்ல முடியாது. "சட்டம் இது"ன்னு சொல்லி ஃபோனை வச்சிடறது சுலபம். நான் மார்க் கொறைஞ்சவங்களைக் காலேஜ் வைக்கற எச்சரிக்கை நிலை, ப்ரொபேஷன்னா பொதுவா என்ன, எந்தத் தேதி முக்கியம், பையன்கிட்ட எப்படிக் கேட்டா அவன் வாயைத் திறப்பான், இதையெல்லாம் நிதானமா சொன்னேன், அவனைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல. புதுசா வந்த ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க, தமிழ் புரியாட்டியும் அந்தக் குரல் புரிஞ்சுது, அப்புறம் நான் இங்கிலீஷ்ல விளக்கினேன். இதை எந்த மாட்யூல்லயும் ஏத்த முடியாது. அட்வைசரா இன்னும் வேலை பாக்கற டைரக்டர் பக்கத்துல உக்காந்தா தான் கத்துக்க முடியும்.

கேஸ்லோட் பத்தி, அதான் ஒரு அட்வைசர் தலைல எத்தனை ஸ்டூடண்ட்ஸ்ங்கறதைப் பத்தி, நீ பொலம்பியிருந்த. நகாடா 2011ல எடுத்த சர்வேலயே முழுநேர அட்வைசர் ஒருத்தருக்கு மீடியன் 296 ஸ்டூடண்ட்ஸ்னு வந்துச்சு. உன் டீம்ல ஒவ்வொருத்தருக்கும் அதைத் தாண்டிப் போகுதுங்கற, அதைக் கொறைக்கச் சொல்லி காலேஜ்ல படிப்பு நிர்வாகத்தைப் பாக்கற தலைமை அதிகாரி, ப்ரோவோஸ்ட்டுகிட்ட கேக்க வேண்டிய ஆளு இனி நீ தான். ஜார்ஜியா ஸ்டேட் யூனிவர்சிட்டி கதைய எடுத்துட்டுப் போ. 2012ல ஸ்டூடண்ட் தடுமாறறதைக் காட்டற 800க்கு மேல ரிஸ்க் சிக்னல் பாக்கற சிஸ்டம் போட்டாங்கன்னு எல்லாரும் சாஃப்ட்வேரைப் பத்தியே பேசுவாங்க, கூடவே 40க்கு மேல புது அட்வைசர்ஸ் எடுத்தாங்கங்கறதை மறந்துடுவாங்க. அலர்ட் அடிச்சா எடுத்துப் பேச ஆள் வேணுமில்ல. சாஃப்ட்வேர் மட்டும் வாங்கித் தரேன்னு சொன்னா ஒத்துக்காத, இதுல நீ கொஞ்சம் பிடிவாதமாவே இரு.

அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கோ: உனக்குன்னு ஒரு சின்ன கேஸ்லோட், முப்பது பேர் போதும், ப்ரொபேஷன்ல இருக்கறவங்களா கேளு. கரிக்குலம் கமிட்டில ஓட்டோட ஒரு சீட், சும்மா அழைப்பாளரா கூப்பிட்டா போதாது. ஆளெடுக்கற பட்ஜெட் யார் கையில இருக்குங்கற பதில், அது டீன் கையிலன்னா டீனோட மாசாமாசம் மீட்டிங். அப்புறம் உன் டீம்ல டைரக்டர் ஆக ஆசையே இல்லாத, ஆனா அருமையா அட்வைஸ் பண்ற ரெண்டு பேர் இருக்காங்கன்னு எழுதியிருந்தியே, அவங்க மேனேஜர் ஆகாமலே சம்பளம் ஏற ஒரு டைட்டில் உண்டாக்க முடியுமான்னு பாரு. இது ஹெச்ஆர்ல இழுக்கும், ஆனா இதை மட்டும் நீ பண்ணிட்டேன்னா உன் ஆபீஸ்ல இருந்து வருஷா வருஷம் ஆள் போறது கண்டிப்பா கொறையும்.

"லீடர் டைப் இல்ல"ங்கறதுக்கு நான் தனியா பதில் சொல்ல மாட்டேன். நாம ரெண்டு பேரும் மொதல் ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து க்யூபிக்கிள்ல இருந்தப்போ ட்ரான்ஸ்ஃபர் பசங்களுக்குன்னு தனி ஓரியன்டேஷன் வேணும்னு கேட்டு வாங்கினது யாருன்னு யோசிச்சுக்கோ.

முதுகு வலி எப்படி இருக்கு? ஃபிசியோ போறியா இல்லியா, அதைப் பத்தி ஒண்ணுமே எழுதல. ஜாப் டிஸ்கிரிப்ஷனை இந்த வீக்கெண்டுக்குள்ள எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை பாத்துட்டு எங்கெங்க மாத்தணும்னு குறிச்சு அனுப்பறேன். ரீஜன் கான்ஃபரன்ஸுக்கு அந்த போர்ட்டல் விஷயத்தை ப்ரொபோசலா போடப் போறா எங்க டீம்ல புதுசா சேந்த அந்தப் பொண்ணு, உன் ட்ரான்ஸ்ஃபர் ஓரியன்டேஷன் கதையும் சேந்தா நல்ல செஷனா வரும், அவளோட நீ கோ-ப்ரெசென்ட் பண்றியான்னு சொல்லு, அவ நம்பரை அவகிட்ட கேட்டுட்டு உனக்கு அனுப்பறேன்.

அன்புடன்,
உன் பழைய க்யூபிக்கிள்காரி