சப் லிஸ்ட் சிக்கலை அவிழ்த்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக, கிராஸ்ஹாப்பர் தெரிந்தவர் என்று யார் கண்ணில் பட்டாலும் பிடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது. தனித்தனியாக நன்றி சொன்னால் யாராவது விட்டுப்போகும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளுக்குள் இருக்கும் கருவி அது. நிரல் வரிகள் எழுத வேண்டாம், பெட்டிகளை ஒயரால் இணைத்தால் போதும். என் நிழற்கூரையில் ஆறு வளைவுகள். ஒவ்வொன்றையும் 20 பங்காகப் பிரித்தால் 21 புள்ளிகள் (20 என்று நினைத்து நான் சறுக்கியது தனிக்கதை). நடுவிலுள்ள 11 மட்டும் வேண்டும். எண் 0-விலிருந்து தொடங்குவதால், பட்டியலில் ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தரும் சப் லிஸ்ட் பெட்டிக்கு 5 முதல் 15 வரை என்று டொமைன் (எண் வரம்பு) கொடுத்தேன். மொத்தம் 66 புள்ளி வரவேண்டும். வந்தது 11, அதுவும் முதல் வளைவில் மட்டும். கடைசியில் வளைவுக்கு ஒன்றாக ஆறு சப் லிஸ்ட் வைத்தேன். அந்தக் கேன்வாஸை (பெட்டிகளை அடுக்கும் திரைப்பரப்பு) நல்லவேளை அதிகம் பேர் பார்க்கவில்லை.

முதல் நன்றி எங்கள் அலுவலக அக்காவுக்கு. இரவு பத்தரைக்குத் திரையைப் பகிர்ந்தேன். “டொமைனை விடுப்பா, ஒயரைப் பாரு” என்றார். கிளை கிளையாக (வளைவுக்கு ஒரு பட்டியலாக) வரும் தரவுக்கு ஒயர் விட்டுவிட்டு ஓடும் இரட்டைக் கோடு. ஒரே பட்டியலுக்கு முழு இரட்டைக் கோடு. என்னுடையது முழுக்கோடு. வளைவைப் பிரிக்கும் டிவைட் கர்வ் பெட்டியின் ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு குட்டி அம்பு: எப்போதோ சோதனைக்குப் போட்டு மறந்த ஃபிளாட்டன், அதாவது கிளைகளை ஒரே பட்டியலாக்கிவிடும் வசதி. 126 புள்ளிகளும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. அதை எடுத்ததும் சப் லிஸ்ட் ஒவ்வொரு கிளையையும் தனியாக வெட்டியது. 66!

அப்புறம் பக்கத்து மேசைத் தம்பி. கடைசிவரை எடுக்கத்தானே என்று வேறோர் இடத்தில் 10 முதல் 25 வரை கொடுத்திருந்தேன். அந்தப் புள்ளிகளை இணைத்த கோடு முனைவரை போய், கூரைக்குக் குறுக்கே பாய்ந்து தொடக்கத்துக்கே திரும்பியது. டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தவன், “ராப் ஆன்ல இருக்குண்ணே” என்றான். பட்டியல் தீர்ந்தால் முதலிலிருந்து எடுத்துத் தரும் வசதியாம். அணைத்தேன், 20-ஓடு நின்றது.

பெட்டிகளை வண்ணக் குழுக்களாகப் பிரித்து மாதிரிக் கோப்பு அனுப்பிய கல்லூரித் தோழிக்கும் நன்றி. உன் கோப்பைத் திறக்கும் முன்பே தீர்ந்துவிட்டது, கோபிக்காதே. குழு போடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, அந்த ஆறு பெட்டிகளையும் அழித்துவிட்டேன்.