பசுமை மெத்தனாலுக்கு கார்பன் எங்கிருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பல்களுக்காக அமையவிருக்கும் பசுமை மெத்தனால் (எரிபொருளாகப் பயன்படும் ஒருவகைச் சாராயம்) நிரப்பு நிலையத்தை வரவேற்றுத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 35.34 கோடி ரூபாய் மதிப்பில் 750 கன மீட்டர் கொள்ளளவு கொண்ட இந்நிலையத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. குஜராத்தின் காண்ட்லாவையும் தூத்துக்குடியையும் இணைக்கும் பசுமைக் கடலோரக் கப்பல் பாதைக்கு இது உதவும் என்கிறார்கள். பணிக்காலம் முழுவதையும் கப்பல் எஞ்சின் அறைகளில் கழித்த எனக்கும் இதில் மகிழ்ச்சியே. ஆயினும் தொட்டியின் அளவையும் செலவையும் விரிவாகச் சொன்ன கட்டுரை, அதில் நிரப்பப்படும் மெத்தனால் எதிலிருந்து தயாரிக்கப்படும் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மெத்தனால் எதிலிருந்து பிறந்தாலும் எஞ்சினுக்குள் ஒரே மாதிரிதான் எரியும். இந்தியா பயன்படுத்தும் மெத்தனாலில் பெரும்பகுதி இறக்குமதியாவது. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுவது. சீனாவிலோ அது பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. எரிவாயு மெத்தனாலின் உமிழ்வை, கிணற்றடியில் தொடங்கிப் புகைபோக்கி வரை கூட்டிப் பார்த்தால், நாம் கைவிட விரும்பும் கனரக எண்ணெயைவிட ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு அதிகமாகவே இருக்கும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல் எரிபொருள் விதிகளில் தரப்பட்டுள்ள மதிப்பீடுகளிலிருந்தே தெரிகிறது. ஆகவே மெத்தனாலில் ஓடும் கப்பல் என்பதனாலேயே அதைத் தூய கப்பல் என்று சொல்லிவிட முடியாது.

பசுமை மெத்தனால் செய்யச் சூரிய மின்சாரத்தாலோ காற்றாலை மின்சாரத்தாலோ நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கரியமில வாயுவுடன் சேர்க்க வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 190 கிலோ ஹைட்ரஜனும் 1.4 டன் கரியமில வாயுவும் தேவை. ஹைட்ரஜனுக்கு மட்டுமே சுமார் 10,000 யூனிட் மின்சாரம் செலவாகும். இதே துறைமுகத்தில் அதே நாளில் தொடங்கிவைக்கப்பட்ட முன்னோட்ட ஹைட்ரஜன் ஆலை மணிக்கு 10 கன மீட்டர் வாயுவைத் தருவது. அது இரவு பகலாக ஓடினாலும், அந்த ஹைட்ரஜனைக் கொண்டு 750 கன மீட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்ப ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்காகவும் மின்வாகன மின்னேற்றத்துக்காகவும் அமைத்த சிறு ஆலையை இதற்காகக் குறைகூறுவது நியாயமில்லை. தொட்டியும் அப்படியொன்றும் பெரிதில்லை. 2024-இல் ஓடத் தொடங்கிய, 16,000 பெட்டகங்களைச் சுமக்கும் ‘ஆனே மெர்ஸ்க்’ கப்பலின் மெத்தனால் தொட்டி மட்டுமே 16,000 கன மீட்டர். கடலோரக் கப்பல்களுக்கு 750 கன மீட்டர் பொருத்தமான தொடக்கம்தான். எரிபொருள் எங்கிருந்து வரும் என்ற திட்டம் தொட்டியோடு கூடவே வளர வேண்டும் என்பதே என் கருத்து.

ஹைட்ரஜனைவிட எனக்குக் கவலை தருவது கரியமில வாயு. தூத்துக்குடியில் அதற்குப் பஞ்சமில்லை. துறைமுகத்தை ஒட்டியே அனல்மின் நிலையங்கள் நிற்கின்றன. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடா உப்பு தயாரித்த ரசாயன ஆலை ஒன்றைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் உலகப் பத்திரிகைகள் எழுதின. அதுவும் இவ்வூரில்தான் இருக்கிறது. எனவே தொழில்நுட்பம் புதிதன்று. ஆனால் அனல்மின் நிலையப் புகையை மெத்தனாலாக்கிக் கப்பலில் எரித்தால், நிலத்துக்கடியில் கிடந்த அதே கார்பன் ஒரு பயணம் கூடுதலாகப் போய்விட்டுக் காற்றில்தான் கலக்கிறது. இதை அறிந்தே ஐரோப்பிய ஒன்றியம், மின் உற்பத்திப் புகையிலிருந்து பெறும் கார்பனை எரிபொருளின் உமிழ்வாகக் கணக்கிடாத சலுகையை 2035-உடனும் பிற தொழிற்சாலைப் புகைக்கான சலுகையை 2040-உடனும் முடித்துக்கொள்வதாக விதித்திருக்கிறது. இன்று அடிக்கல் நாட்டி, நாலைந்து ஆண்டுகளில் உற்பத்திக்கு வரும் ஆலைக்கு அந்தச் சலுகை எத்தனை காலம் மிஞ்சும்?

தாவரக் கார்பனுக்கு இத்தகைய கெடு இல்லை. தூத்துக்குடி, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக் கருவேலம் எவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்பதையும், அதை அகற்ற உயர் நீதிமன்றம் எத்தனை முறை அறிவுறுத்தியிருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். அம்மரத்தை வாயுவாக்கி மெத்தனால் எடுக்கும் வழியை அரசு ஆராயலாம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம் என்பதால், விறகு கொள்முதலில் அவர்களுக்கும் பங்கிருக்க வேண்டும். இது எல்லாக் கப்பல்களுக்கும் போதாது என்பது தெரிந்ததே; முதல் சில கடலோரக் கப்பல்களுக்குப் போதுமா என்பதையாவது கணக்கிட்டுப் பார்க்கலாம்.

விலையையும் மறுக்க முடியாது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கப்பல் உமிழ்வுக்கு விலை வைக்கும் திட்டத்தை 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு, அக்டோபரில் இறுதி முடிவை ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டது. ஒத்திவைப்பை ஆதரித்து 57 நாடுகளும் எதிர்த்து 49 நாடுகளும் வாக்களித்தன. அந்த முடிவு வரும்வரை, விலை கூடிய எரிபொருளை வாங்கக் கப்பல் முதலாளிகளுக்கு உலகளாவிய கட்டாயம் எதுவும் இல்லை. ஐரோப்பியத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு மட்டுமே 2024, 2025 ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த அந்த ஒன்றியத்தின் விதிகள் பொருந்தும். விலை நெருக்கும்போது, ‘பசுமை’ என்று எழுதிய தொட்டியில் மலிவான இறக்குமதி மெத்தனால் வந்து சேரும் ஆபத்து மெய்யானது. ஆதலால் ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் அதன் மூலப்பொருள், உற்பத்தி இடம், முழுச் சுழற்சி உமிழ்வு ஆகியவற்றைத் துறைமுகம் தன் இணையதளத்தில் வெளியிடும்படி தாங்கள் தலையங்கத்தில் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றியும் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. மெத்தனால் கடலில் சிந்தினால் நீரோடு கலந்து விரைவில் சிதைந்துவிடும். மன்னார் வளைகுடாவின் அருகில் இது கனரக எண்ணெயைவிட நல்லது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகையால் தீயணைப்போருக்கு வெப்பத்தைக் காட்டும் கேமராக்களும் தனிப் பயிற்சியும் வேண்டும். மேலும் 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்த விஷச்சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். மாநிலத்தில் இதைக் கையாள 1959 முதல் தனி விதிகள் உள்ளன. சோதனைச்சாலைக் குடுவைகளுக்கும் ஆலைப் பீப்பாய்களுக்கும் உரிய அந்தக் கண்காணிப்பு, ஏழரை லட்சம் லிட்டர் தொட்டிக்கும் டேங்கர் லாரிகளுக்கும் போதுமா என்பதை மாவட்ட நிர்வாகமும் மதுவிலக்குப் பிரிவும் நிலையம் திறக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

அடுத்த கட்டமாகக் கப்பல் எரிபொருளாக அமோனியாவைப் பற்றியும் பேசுகிறார்கள். அதில் கார்பன் இல்லை என்பது உண்மைதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவால் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறித் தெருவில் ஓடியதும் உண்மைதான். துறைமுகத்தில் அமோனியாத் தொட்டிக்கு இடம் ஒதுக்குவதற்கு முன், எண்ணூர்க் கசிவுக்குப் பின் அரசுக் குழு செய்த பரிந்துரைகளில் எவையெவை நிறைவேறின என்பதைத் தங்கள் செய்தியாளர் ஒருவர் விசாரித்து எழுதினால், இங்குள்ள கடலோர மக்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி