ஜப்தி நோட்டீஸ் தமிழிலும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோடு ஆலைகளில் ஷிஃப்ட் குறைந்தால் வாளையாறு பக்கம் வாடகை வீடுகள் காலியாகின்றன. அந்த வாடகையை நம்பிக் கடன் வாங்கியவருக்குத் தவணை தவறுகிறது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அடுத்து, அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002 சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். வீட்டைக் காப்பாற்ற வேண்டிய நாட்கள் இவைதான். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். பலர் நோட்டீஸை அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், மலையாளமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாததால். வீட்டை வங்கி கைவசம் எடுத்ததாகக் கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டினால் 45 நாளுக்குள் எர்ணாகுளம் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சிவில் கோர்ட்டுக்கு இதில் அதிகாரமில்லை. ஏல அறிவிப்பு வெளிவந்தபின் பாக்கியைக் கட்டி மீட்கும் உரிமையும் இல்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் வில்லங்கச் சான்றில் எல்லா நேரமும் தெரிவதில்லை. அட்வான்ஸ் கொடுக்குமுன் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாத வாடகை ஒப்பந்தம் ஏலத்தின்போது பெரிதாகக் கைகொடுக்காது.

சித்தூர் தாலூகா வங்கிகள் முதல் நோட்டீஸுடனேயே தமிழ்ப் படியும் இணைத்து அனுப்ப வேண்டும்.

– வாசகர், கொழிஞ்சாம்பாறை