பிள்ளைகளிடம் 38 வயதைப் பற்றியும் பேசுங்கள்

படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலர்களுக்கும், பள்ளி முடிக்கிற பிள்ளைகளுக்கு வேலை வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நீங்கள் இரண்டு தரப்பும் ஒரே நாளில் என் மகளின் பள்ளிக்கு வந்து பேசினீர்கள். காலையில் சீருடையில் வந்தவர்கள், மதியம் பட்டப்படிப்புப் பட்டியலோடு வந்தவர்கள். சாயந்திரம் அவள் உங்கள் இரண்டு துண்டுப் பிரசுரங்களையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அப்பா, பெரியப்பா பட்டாளத்துக்குப் போனாங்க, நீங்க பட்டறைக்குப் போனீங்க. யார் செஞ்சது சரி?" மூன்று நாள் ஆகியும் எனக்குப் பதில் வரவில்லை. வராததற்குக் காரணம் என்ன என்று யோசித்தபோதுதான், அந்தக் கேள்விக்குத் தேவையான பாதி விஷயத்தை நீங்கள் யாருமே அவளிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. அதனால் இந்த மடல்.

சீருடையில் வந்தவர்கள் சொன்னது: முதல் மாதத்திலிருந்தே சம்பளம், சாப்பாடு, தங்க இடம், மருத்துவம், மரியாதை. எல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. மதியம் வந்தவர்களிடம் ஒரு பையன் எழுந்து ராணுவத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான். "மார்க் வரலைன்னா அப்புறம் அதைப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்ததாம். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. என் அண்ணன் மார்க் வராமல் போனவர் இல்லை. வகுப்பில் என்னைவிட எப்போதும் நன்றாகப் படித்தவர். அப்படியே மார்க் வராதவர் ஒருவர் போயிருந்தாலும், 19 வருடம் கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து போன ஒருவரின் வாழ்க்கையை எஞ்சிய இடம் மாதிரிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது.

நானும் அண்ணனும் இரண்டு வயது வித்தியாசம். அவர் 19 வயதில் சேர்ந்தார், கனரக வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு. நான் 18 வயதில் லேத் பட்டறையில் அப்ரண்டிஸ். முதல் ஐந்தாறு வருடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை, அவர் எங்கோ இருந்தார், நான் எங்கோ இருந்தேன். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பினார், உடம்பு இரும்பு மாதிரி ஆனது, பேச்சில் ஒரு நிதானம் வந்தது. நான் எண்ணெய்க் கறையோடு வந்து பாதிச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். 27 வயதில் நான் வேலை பார்த்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது நான்கு மாதம் சம்பளமில்லாமல் இருந்தேன், அந்த நான்கு மாதமும் வீடு ஓடியது அண்ணன் பணத்தில்தான். அப்போது யாராவது என்னிடம் "எது நல்ல வழி" என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பட்டாளம் என்று சொல்லியிருப்பேன்.

அவருக்கு 38 ஆனபோது வெளியே வந்தார். தவறு செய்து வரவில்லை, அந்த ரேங்கில் இருக்கக்கூடிய காலம் முடிந்தது, அவ்வளவுதான். கையில் ஒரு பென்ஷன், வாங்கிய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகள். இருட்டில், சேற்றில், ஒரு டார்ச் வெளிச்சத்தில் லாரி என்ஜினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மனிதர் ஒரு வண்டி நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனார். முதல் கேள்வி: என்ன சர்டிஃபிகேட் வைத்திருக்கிறீர்கள்? அவர் பட்டாளத்தில் எழுதிய தேர்வுகளின் பெயர்களைச் சொன்னார், எதிரே இருந்தவருக்கு அவை எதற்குச் சமம் என்று தெரியவில்லை. டிப்ளமோ முடித்த 23 வயதுப் பையனை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணனுக்குக் கிடைத்தது செக்யூரிட்டி வேலை. அதே வருடம் எனக்கு 36, ஃபோர்மேன் ஆனேன்.

இதில் என் திறமை என்று எதுவும் இல்லை. இரண்டு வேலைகளுக்கும் வயதோடு இருக்கும் கணக்கு வேறு. படைக்கு வேண்டியது இளம் உடம்பு. கீழே ஆயிரம் பேர் என்றால் மேலே போகப் போக இடம் குறுகிக்கொண்டே வரும், பதவி உயர்வு கிடைக்காதவர் ஒரு வயதுக்கு மேல் அங்கே இருக்க முடியாது, அப்படி இருந்தால் படைக்கு வயதாகிவிடும். அமைப்பு அப்படித்தான் இருக்க முடியும், அதில் சதி எதுவும் இல்லை. லேத்தில் 50 வயதுக்காரருக்கு மதிப்பு கூடும், வெட்டும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவார். (எல்லா வெளி வேலையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். மூட்டை தூக்குகிறவரின் உடம்பும் சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது, அவருக்குப் பென்ஷனும் கிடையாது.)

இந்த வெளியேறும் வாசலை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது, அந்த விதிதான் ஒருவரின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் நெடுங்காலம் 20 வருடம் முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன், அதற்கு முன்பே வந்தால், உடல் ஊனம் போன்ற காரணங்கள் தவிர, ஒன்றும் இல்லை. 2018-ல் அதை மாற்றினார்கள், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 20 வருடப் பென்ஷன் 40 சதவீதமாகக் குறைந்தது, பதிலுக்கு இரண்டு வருடம் முடித்து வருகிறவர்கூட அரசு தன் பங்காகப் போட்ட சேமிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். இந்தியாவில் ஒரு சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருட சேவை வேண்டும் என்று இருந்தது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம்தான், அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு, பென்ஷன் இல்லாமல், இருபதுகளின் தொடக்கத்திலோ நடுவிலோ வெளியே. சரி, அந்த வயதில் வெளியே வருவது 38-ல் வருவதைவிட நல்லதா கெட்டதா என்பதைத் தனியே விவாதிக்கலாம். ஆனால் சேரும் பிள்ளைக்கு அந்த 25 என்ற எண்ணின் அர்த்தம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு பேரில் மூன்று பேர் வெளியே வரப்போகிறார்கள், நீ அந்த மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தால் அடுத்த நாள் என்ன செய்வாய் என்று யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் கட்டாயமாகப் போகும் நாடுகளின் கதை வேறு. சிங்கப்பூரில் 1967-லிருந்து ஆண்களுக்கு அது சட்டம், இப்போது முழுநேர சேவை இரண்டு வருடம். பக்கத்து வீட்டுப் பையனும் போகிறான், அடுத்த தெருப் பையனும் போகிறான், அந்த இரண்டு வருடத்தை வேலை கொடுக்கிறவரும் அறிந்திருக்கிறார், அதனால் கூடப் படித்த பையன்களைவிடப் பின்தங்கிவிட்டோம் என்ற நிலை அங்கே வருவதில்லை. நான் பேசுவது தானாக விரும்பிச் சேர்கிறவர்களைப் பற்றி.

அப்படித் தானாகச் சேர்கிறவரையும் சேராதவரையும் நியாயமாக ஒப்பிடுவது கஷ்டம். அவர்கள் முதலிலேயே வேறு வேறு ஆட்கள், குணமும் குடும்ப நிலையும் வேறு. என் அண்ணனும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒரே ஆள் இல்லையே. ஆனால் ஒரு முறை அரசே தெரியாமல் அந்தச் சோதனையை நடத்திக் கொடுத்துவிட்டது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்காவில் பிறந்த தேதிகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள், அந்தப் போர்க்காலத்தின் முதல் குலுக்கல் 1969 டிசம்பர் 1-ம் தேதி நடந்தது, முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. யார் போவது என்பதைப் பெரும்பாலும் அதிர்ஷ்டம் முடிவு செய்ததால் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பொருளாதார அறிஞர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 1990-ல் அந்தக் கணக்கைப் போட்டார். சேவைக்குப் போன வெள்ளையின ஆண்கள், போகாத அதே மாதிரி ஆண்களைவிட 1980-களின் தொடக்கத்தில் சுமார் 15 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். (2021-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.) படையில் கழித்த காலத்தை வெளியுலகம் வேலை அனுபவமாக எண்ணவில்லை என்பதுதான் அவர் கண்ட காரணம். பிறகு 2000-ம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பார்த்தபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலியாகவும் இருந்தது. இடைவெளி மூடுகிறது, ஆனால் அதற்குள் ஐம்பது வயது வந்துவிடுகிறது.

அந்த இடைவெளியைக் குறைக்க முடியாதா என்றால், முடியும், செய்திருக்கிறார்கள். 1944-ல் அமெரிக்காவில் போர் வீரர்களுக்கான சட்டம் ஒன்று வந்தது, படிப்புச் செலவு, வீட்டுக்கடன், வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை எல்லாம் அதில் இருந்தன, அதைக்கொண்டு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் கல்லூரிக்குப் போனார்கள். கறுப்பின வீரர்களில் பலருக்கு நடைமுறையில் அது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சின்ன ஏற்பாடுகளும் இருக்கின்றன. படையில் கனரக வண்டி ஓட்டியவர்களுக்கு அதே நாட்டில் லைசன்ஸுக்கான ஓட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணன் விஷயத்தில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவர் இன்று ஒரு ஒர்க்ஷாப்பை நடத்திக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பட்டாளத்துக்கு எதிரானவன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது ஒன்பது வருடம் பக்கத்து மெஷினில் நின்றவர்கூட எனக்கு ஒரு போன் செய்யவில்லை, நானும் யாருக்கும் செய்யவில்லை. அண்ணனுக்கு மூன்று வருடம் முன்பு அறுவைசிகிச்சை நடந்தது. ரத்தம் வேண்டும் என்று ஒரே ஒரு செய்தி போட்டார், மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலில் 11 பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவர்கள். எந்தச் சம்பளச் சீட்டிலும் வராத சொத்து அது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் கொடுத்ததும் அதிகம். இரண்டு காதிலும் இரைச்சல், ராத்திரியில் அதிகமாகும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படும் உடல் குறைகளில் முதலிடத்தில் இருப்பதே இந்தக் காது இரைச்சல்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு நாள் மதியம் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அண்ணன் அப்படி வந்திருந்தால் அது குற்றம், ராணுவ நீதிமன்றம் வரை போகும். வெளியே வந்த பிறகு இன்னொன்று புரிந்தது, அவருக்கு 38 வயது வரை எதையும் தானாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே வரவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதியதில்லை, சம்பளம் பேசியதில்லை, வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த அண்ணன் என்னிடம் கேட்டார்.

அதனால் சீருடையில் வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். சேரும் நாளின் சம்பளத்தைச் சொல்லும்போதே வெளியே வரும் நாளையும் சொல்லுங்கள். எந்த ரேங்கில் எத்தனை வயதில் அனுப்புவீர்கள், எத்தனை வருடத்துக்கு முன்பு வந்தால் பென்ஷன் கிடையாது, நடுவில் விலக நினைத்தால் என்ன ஆகும், இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். முக்கியமாக, எந்த டிரேடில் சேர்ந்தால் வெளியே மதிக்கிற சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லுங்கள். படை என்றால் துப்பாக்கி மட்டுமே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மெக்கானிக், மருத்துவ உதவியாளர், தகவல் தொடர்பு, சமையல், கணக்கு என்று எத்தனையோ வேலை இருக்கிறது, ஒரே நாளில் ஒரே சம்பளத்தில் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் கைத்தொழிலோடும் இன்னொருவர் வெறுங்கையோடும் வெளியே வருகிறார். அந்தத் தேர்வு பெரும்பாலும் சேரும்போதே முடிந்துவிடுகிறது, அந்த நேரத்தில் பிள்ளைக்கு அது தெரிவதில்லை.

வழிகாட்டும் ஆசிரியர்களே, உங்கள் பட்டியலில் ராணுவத்தையும் ஒரு வேலையாக எழுதுங்கள், மற்ற வேலைகளுக்குச் சொல்கிற மாதிரியே நல்லது கெட்டதைச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் பட்டியலில் இருக்கும் படிப்புகளுக்கும் இதே கேள்வி உண்டு. நான்கு வருடம் படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் 22 வயதுப் பிள்ளையைப் பற்றியும் நீங்கள் பேசவில்லை. வீட்டில் பணம் இல்லாத பிள்ளைக்கு முதல் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமல் பேசாதீர்கள். எங்கள் வீடு அந்தச் சம்பளத்தில்தான் நிமிர்ந்தது.

என் மகள் இன்னும் முடிவெடுக்கவில்லை. நேற்று பெரியப்பாவிடமே போய்க் கேட்டாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மறுபடியும் போவேன்மா. ஆனா வேற டிரேடு எடுப்பேன், உள்ளே இருக்கும்போதே டிப்ளமோ முடிச்சிருப்பேன்" என்றார்.

அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டுவிட்டேன், வரத் தயார் என்கிறார். அவருக்கு மதியம் 2 மணிக்கு ஷிப்ட் தொடங்கிவிடும், அதனால் கூட்டத்தைக் காலையில் வையுங்கள். பின்வரிசைப் பிள்ளைகளைக் கொஞ்சம் சத்தமாகக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.